ஜுர வார்டும் வரதண்ணன் ஓட்டலும்

ஊசி போடவும் நாடி பார்க்கவும் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். என்னைவிடப் புதிய பாடம் படித்தவர்கள் நீங்கள். அதனால் அந்தப் பக்கம் நான் வரப்போவதில்லை. ஆனால் காஞ்சிபுரத்தில் நர்ஸாக வேலை பார்க்கப் போகிற பெண் இந்த ஊர் ஓட்டல்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் பாலும் ரொட்டியும் உண்டு. கூட வந்தவர்களுக்கு? திருமுக்கூடல் பக்கத்திலிருந்து மருமகளைப் பிரசவத்துக்கு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிற அம்மாளுக்கு இந்த ஊரில் கோயிலைத் தவிர எதுவும் தெரியாது. வார்டு வாசலில் நின்று, "நர்ஸம்மா, வவுத்துக்கு எதுனா எங்கம்மா கெடைக்கும்?" என்று கேட்பாள். நீங்கள் கையை நீட்டிக் காட்டும் திசை சரியாக இருக்க வேண்டும். தப்பான கடையைக் காட்டி அவள் வயிறு கெட்டால், அவளும் நம்முடைய கேஸ்தான்.

எனக்குப் பிடித்த ஓட்டல்கள் எல்லாம் அப்படித் தேடிப் போய்க் கண்டுபிடித்தவை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய் கடை. விடியும்போதே அங்கே ஆட்டுக்கால் பாயா தயாராகிவிடும். எலும்பு முறிந்து படுத்திருப்பவர்களின் வீட்டார் தூக்குப் பாத்திரத்தோடு நிற்பார்கள். பாய் மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு ஊற்றுவார். "ஆஸ்பத்திரிக்கா? மொதல்லயே சொல்ல வேணாமா?" என்று திட்டிக்கொண்டே ஊற்றியதைத் திரும்ப வாங்கி, காரம் போடாத பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார். நான் கறி சாப்பிடுகிறவள் அல்ல. டீக்காகப் போவேன். இரவு டூட்டி முடிந்து தள்ளாடிக்கொண்டு வருகிறவளை அந்த டீ நிமிர்த்தி நிற்க வைக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் தெலுங்கு பேசுகிற புருஷன் பெண்சாதி இரண்டு பேர் பெசரட்டு, அதாவது பச்சைப்பயறு அட்டு, தோசை மாதிரி ஊற்றிப் போடுவார்கள். அமாவாசை அன்று மட்டும்தான். அன்றைக்குத்தான் இந்த ஊரில் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் இருவரும் தறியில் இருப்பார்கள். "என்னக்கா இது, மாசத்துல ஒரு நாள்தான் கடையா?" என்று ஒரு முறை கேட்டேன். "தெனைக்கும் அட்டு ஊத்திக்கினு இருந்தா சேலைய யாரு நெய்யறது? நீ வந்து நெய்யறியா?" என்றாள் அந்த அம்மாள். புருஷன் சிரித்துக்கொண்டே என் இலையில் இன்னொரு கரண்டி இஞ்சித் துவையல் வைத்தார். அந்தத் துவையலுக்காக அமாவாசைகளில் டூட்டி மாற்றிக்கொண்டு திட்டு வாங்கியிருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட என் மனசுக்கு நெருக்கமானது, ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே இருந்த வரதண்ணன் ஓட்டல். போர்டு கிடையாது. ஓடு வேய்ந்த கூடம், நான்கு பெஞ்சு, புகை படிந்த சுவர். காலையில் இட்லி, வடை, பொங்கல். மதியம் சாப்பாடு. அந்த மதியச் சாப்பாட்டு ரசத்துக்காக டாக்டர்களே ரோட்டைக் கடந்து வருவார்கள். வாசலில் ஒரு பெரிய அண்டாவில் எப்போதும் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து யார் வேண்டுமானாலும் மொண்டுகொண்டு போகலாம், காசு கிடையாது. வரதண்ணன் மனைவி அலமேலு அண்ணி சமையலறையை விட்டு வெளியே வரமாட்டார். வரதண்ணன் முசரவாக்கத்து விவசாயக் குடும்பம். நெற்றியில் நாமம், தோளில் துண்டு, ரோட்டின் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல். காலை நாஷ்டாக் கூட்டம் ஓய்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் போய் வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடுவார். மழை பெய்தாலும் அது நிற்காது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது "ரெண்டு வடை கட்டுங்க" என்று கேட்டால் அவர் கை இலைப் பக்கம் போகாது.

"யாருக்கு? உனக்கா, உள்ள படுத்துக்கினு இருக்கறவங்களுக்கா?"

"எனக்குத்தான்பா."

"உனக்குன்னா இங்கயே குந்திக்கினு சாப்புடு. பொட்டலம் இன்னாத்துக்கு?"

"நல்லா இருக்குதே நியாயம்! காசு குடுத்தா வடை குடுக்க மாட்டியா? நீ இன்னா டாக்டரா?"

"டாக்டருக்கு உள்ள ஒரு வார்டுதான். எனக்கு ரோட்டுக்கு இந்தப் பக்கம் பூரா வார்டு. குந்து, சட்னி போடறேன்."

நோயாளிக்குத்தான் என்று ஒப்புக்கொண்டால், என்ன ஜுரம், எத்தனை நாளாக, டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே பேசுவார். டைபாய்டு என்றால் அவரிடம் ஒரு பருக்கை பெயராது. அதனால் கூட இருப்பவர்கள் தூரத்துக் கடைகளுக்குப் போய் வாங்கி, மடியில் மறைத்து உள்ளே கொண்டு வருவார்கள். பிடிக்க வேண்டியது என் வேலை. நான் வார்டுக்குள் நுழையும்போது பொட்டலங்கள் தலையணைக்கு அடியில் ஓடுகிற சரசரப்பு கேட்கும். "பருந்து வருது, பருந்து வருது" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், மழைக்குப் பிறகு ஊரில் டைபாய்டு அதிகமாக இருந்தது. என் மகள் சுமதிக்கும் வந்தது. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இனி இல்லை என்று நாங்கள் விட்டுவிட்ட பிறகு பிறந்தவள். என் வீட்டுக்காரர் முசரவாக்கம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பகலெல்லாம் அவரால் வர முடியாது. பெரிய சிஸ்டர், "லீவு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்" என்றார். நான் எடுக்கவில்லை. அவள் என் வார்டிலேயே ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் கிடந்தாள். நான் மற்றக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டே அவளையும் பார்த்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பயம் என்னைத் தின்றுவிடும் போலிருந்தது.

டைபாய்டில் மூன்றாவது வாரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஜுரம் இறங்கும். பசி வந்துவிடும். குழந்தை தேறிவிட்டது என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். உள்ளே குடல் புண்ணாகி, நனைந்த காகிதம் மாதிரி இருக்கும். அப்போதெல்லாம் பார்லித் தண்ணீர், குளுகோஸ், ஆரஞ்சு சாறு, அவ்வளவுதான்.

எதிர் ஓட்டல் வாசனை ஜன்னல் வழியாக நேரே சுமதி கட்டிலுக்கு வரும். "அம்மா, வரதன் மாமா கடைல இப்போ தாளிக்கிறாங்க" என்பாள். சற்றுக் கழித்து, "இப்போ வடை போட ஆரம்பிச்சுட்டாங்க" என்பாள். கேட்க மாட்டாள். சொல்ல மட்டும் செய்வாள். கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். நான் ஜன்னல் கதவைச் சாத்துவேன். சாத்தாதே என்று கண்ணாலேயே சொல்வாள். திறந்து வைப்பேன்.

வரதண்ணன் தினமும் வந்து அவளைப் பார்ப்பார். முதல் நாளே நான் சொன்னேன், "அண்ணா, சாப்பாடு ஒரு பருக்கைகூட ஆகாது."

"எனக்கேவாமா சொல்றே? ஊருக்கே நான்தான சொல்லிக்கினு இருக்கறேன்" என்று சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் தங்கைக்குத் துணையாக இருந்த பட்டம்மா என்கிற பிள்ளையார்பாளையத்துக்காரியையும் விடவில்லை. "இந்தா பட்டம்மா, அந்த நூல் பையில இன்னா வெச்சிக்கினு இருக்கே? காட்டு."

"இன்னா வெச்சிருப்பாங்க, வைரமா? தாரு சுத்தற நூலுண்ணா. இங்க சும்மா குந்திக்கினு இருக்க சொல்ல நாலு தாரு சுத்துனா ஆவாதா?" என்று அவள் தறிக் குழலில் சுற்றுகிற நூல் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்படி ஒரு நாள் காலையில் சுமதிக்கு ஜுரம் நன்றாக இறங்கியிருந்தது. முகத்தில் கொஞ்சம் தெளிவு. எனக்கு டிரெஸ்ஸிங் அறையில் வேலை இருந்தது. முடித்துத் திரும்பியபோது தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் துளசி இலை ஒன்று ஒட்டியிருந்தது. வரதண்ணன் கோயிலிலிருந்து வந்து போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் எழுந்தவள், "அம்மா, வயிறு வலிக்குது" என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். வயிறு உப்பியிருந்தது. நாடியில் விரல் வைத்தேன். அத்தனை வருடம் ஆயிரக்கணக்கான கைகளைப் பிடித்து எண்ணியவள் நான். அன்றைக்கு எண்ண முடியவில்லை. எண்ணத் தொடங்குவேன், எங்கே விட்டேன் என்று மறந்துபோகும். கூட வேலை பார்த்த நர்ஸைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவள் எண்ணிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் டாக்டரை அழைக்கப் போனாள்.

டாக்டர் வந்து பார்த்தார். "வாய் வழியா என்ன குடுத்தீங்க?"

"பார்லித் தண்ணியும் குளுகோஸும்தான் டாக்டர்."

"வேற யாராவது ஏதாவது?"

"நான் இங்கேயேதான் இருக்கேன். ஒருத்தரும் குடுக்கலை."

அவர் வார்டைச் சுற்றிப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். எல்லாத் தலையும் இல்லை என்று ஆடியது. பட்டம்மா எழுந்தே நின்று, "நர்ஸம்மா பொண்ணுக்கு யாருனா எதுனா குடுப்பாங்களா டாக்டரய்யா? எங்களுக்கு உசுரு மேல ஆசை இல்லியா?" என்றாள்.

டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். அவர் மெதுவாகப் பேசியது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. குடலில் ஓட்டை விழுந்திருந்தால் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு இங்கே வசதி இல்லை, மெட்ராஸ் போயாக வேண்டும். ஓட்டை விழாமல் இருந்தாலோ, புண்ணான குடலோடு ஒரு குழந்தையை அவ்வளவு தூரம் வேனில் குலுக்கிக்கொண்டு போவதே ஓட்டையை உண்டாக்கிவிடலாம். "வயிறு இன்னும் கல் மாதிரி ஆகலை. ஆனா வலிக்குக் காரணமே இல்லாம இருக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கலை. காத்திருந்து மோசம் போறதைவிட அனுப்பிடலாம். வேனைக் கொண்டு வரச் சொல்றேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். உள்ளே போய் ஒரு பையில் அவள் துணிகளை அடுக்கத் தொடங்கினேன். ஒரே பாவாடையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன்.

அந்த நேரம் வரதண்ணன் சாயந்திர வெந்நீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். வார்டு வாசலில் ஸ்டிரெச்சரைப் பார்த்து நின்றார். "இன்னா பட்டம்மா, யாருக்கு வேனு வந்து நிக்குது?"

"நம்ம சுமதிக்குத்தாண்ணா. வவுத்து வலியாம். காரணமே தெரியலியாம். மெட்ராஸுக்கு இட்டுக்கினு போறாங்க."

குடத்தைக் கீழே வைத்தார். வைத்தபோது வெந்நீர் அவர் கால்மேல் சிந்தியது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நேரே வராந்தாவில் இருந்த டாக்டர் முன்னால் போய் நின்றார். கையில் பாவாடையோடு நானும் வெளியே வந்தேன். ரோடு முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் அன்று பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"டாக்டரய்யா, சாப்பாடு நான் குடுக்கல. பெருமாள் பிரசாதம் குடுத்தேன்."

"என்ன பிரசாதம்?"

"கோயில் இட்லி. கொழந்த பேர்ல அர்ச்சன பண்ணேன். தீர்த்தமும் துளசியும் குடுத்து, இட்லி கொஞ்சம்…"

கோயில் இட்லி எப்படிப்பட்டது என்று நீங்கள் அறிவீர்கள். கொரகொரவென்று அரைத்த மாவில் மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து வேகவைப்பது. நல்ல வயிறே அதை மெதுவாகத்தான் செரிக்கும்.

இந்த மனிதர் டைபாய்டுக்காரருக்கு ஒரு வடையைக்கூட விற்காதவர். அவர் கணக்கில் அன்றும் எந்தத் தவறும் நடக்கவில்லை. சாப்பாடு என்பது பசிக்கு இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது. பிரசாதம் என்பது கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொள்வது. விரதம் இருப்பவர்கள்கூட மறுக்காமல் வாங்கிக்கொள்கிற பொருள். அது வயிற்றுக்குள் போய் என்ன செய்யும் என்று காஞ்சிபுரத்தில் யார் யோசிப்பார்கள்? நான் 'சாப்பாடு ஆகாது' என்றேன். அவரும் சாப்பாடு கொடுக்கவில்லை.

இதெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுதும்போது சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு ஒன்றுதான் இருந்தது. என் குழந்தையை இந்த ஆள் கொன்றுவிட்டார். அவரை என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகள் தொண்டை வரை வந்துவிட்டன. கையில் இருந்த பாவாடையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை வருடம் பொட்டலம் பிடித்த அனுபவம் அங்கேதான் எனக்கு உதவியது. திட்டு விழப்போகிறது என்று தெரிந்தவர்கள் அந்த முகத்தோடுதான் நிற்பார்கள். திட்டு விழுந்ததும் 'துளியூண்டுதான் குடுத்தேன்' என்பார்கள். முழு வடையும் துளியூண்டு ஆகிவிடும். எவ்வளவு, எப்போது என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். நான் கத்தினால் அது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

"வாங்கண்ணா, இப்படி உட்காருங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை. "எவ்ளோ குடுத்தீங்க? எப்போ?"

அவர் உட்காரவில்லை. இடுப்பு மடிப்பிலிருந்து மந்தாரை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். பிரசாதத்தைத் தூக்கி எறியக் கூடாதே, மிச்சத்தைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். பிரித்துக் காட்டினார். ஒரு துண்டு இட்லி. ஒரு ஓரத்தில் மட்டும் பெருவிரல் நுனி அளவுக்குப் பிட்டிருந்தது. பக்கத்தில் தனியாக நாலைந்து மிளகு.

"இவ்ளோதாம்மா பிட்டேன். கோயில்லேர்ந்து வந்த ஒடனே. கொழந்தைக்குக் காரமா இருக்குமேன்னு மொளகப் பொறுக்கி எடுத்துட்டேன். தீர்த்தத்துல நனச்சி, கூழாக் கரைச்சித்தான் வாயில வெச்சேன். மென்னவே இல்லம்மா, நக்கிக்கினா. 'இன்னும் குடு மாமா'ன்னு கேட்டா. குடுக்கல."

'இன்னும் குடு மாமா' என்றபோது அவர் உடைந்துபோனார்.

டாக்டர் இலையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மிளகுகளைப் பார்த்தார். உள்ளே போய் மறுபடி சுமதியின் வயிற்றை ரொம்ப நேரம், மெதுவாக, இடம் இடமாகத் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து, "காரணம் இருக்கு. வாயு சேர்ந்திருக்குன்னு நினைக்கிறேன். வயிறு இன்னும் மெத்துனுதான் இருக்கு. இப்போ அசைக்க வேண்டாம். வேன் வாசல்லயே நிக்கட்டும். நாடியை விடாமப் பாருங்க. வயிறு இறுகினா அந்த நிமிஷமே கிளம்பறோம்" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க பார்க்க வேண்டாம். அவங்க பார்க்கட்டும். நீங்க அம்மாவா உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். வரதண்ணன் வார்டு வாசற்படியில் உட்கார்ந்தார். சாயந்திரக் கூட்டத்துக்கு ஓட்டல் திறக்கவில்லை. ரோட்டில் யாரோ, "இன்னாண்ணா, கடை இல்லியா?" என்று கேட்டார்கள். அவர் வார்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

 பிறகு பட்டம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நர்ஸம்மா, ஒண்ணு சொன்னா கோச்சிக்குவியா?"

"சொல்லுமா."

"அந்த அண்ணன நீ ஒரு வார்த்தகூட சொல்லல. அதனால சொல்றேன்." நூல் பையைத் திறந்து, நூலுக்கு அடியிலிருந்து எண்ணெய் ஊறிய பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே ஒன்றரை வடை. "பாதி வடை காலைல தங்கச்சிக்குக் குடுத்தேன். அவளுக்கு எதுனா ஆயிடுமா?" கேட்கும்போதே அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறக்கவே முடியாது. இரண்டு கட்டில் தள்ளி இருந்த ஒருத்தி, "எங்க அத்தைக்கு நானு பன்னு நனச்சிக் குடுத்தேன், பாய் கடை டீல" என்று எழுந்து வந்தாள். இன்னொருத்தி அதிரசத்தைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்தாள். சுவர் ஓரத்தில் ஒரு பெரியவர், "எம் பேத்திக்கு நான் ஒண்ணும் குடுக்கல. ஆனா நானு துன்றப்ப பாத்துக்கினு இருந்தா. அது தப்பா?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். டிரெஸ்ஸிங் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள் என் கூட்டாளி நர்ஸ். வாழை இலை, தையல் இலை, பழைய பேப்பர் என்று பொட்டலங்கள் சேர்ந்தன. எந்தக் கட்டு எந்தக் கடையினுடையது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. நான் ஆசை ஆசையாகச் சாப்பிட்டுத் திரிந்த அத்தனை ஓட்டல்களும் அந்த எனாமல் தட்டில் இருந்தன. இத்தனையும் என் கண் எதிரே, என் வார்டுக்குள் இருந்திருக்கின்றன. பருந்து ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் அந்த வரிசையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் எல்லா வயிற்றையும் பார்த்தார். பட்டம்மாவின் தங்கையை மட்டும் கூடக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தலையசைத்தார்.

விளக்கு வைக்கும் நேரம். சுமதி நெளிந்தாள். முகம் சுளித்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் அந்தச் சின்ன உடம்பிலிருந்து, நீளமாக, வெட்கமே இல்லாமல், வார்டு முழுக்கக் கேட்கும்படி காற்றுப் பிரிந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார். அந்த மனிதர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இதைவிட நல்ல சத்தம் இன்னிக்கு நான் கேட்கலை" என்றார். பட்டம்மா, "பெருமாளே, நாதஸ்வரம் கெட்டுது போ!" என்றாள். சுமதி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இன்னும் இரண்டு முறை அதே சத்தம். வயிறு தணிந்தது. நாடி இறங்கியது. வேனை அனுப்பிவிட்டார்கள். வாசற்படியில் வரதண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு அப்படியே இருந்தார். யாரைக் கும்பிடுகிறார் என்று தெரியவில்லை. கோயில் இருந்த பக்கம் திரும்பி இல்லை, சுமதியின் கட்டிலைப் பார்த்துத்தான் இருந்தார்.

நான் வேலை பார்க்கும் முறையில் மாற்றியது ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு நான் யாரிடமும் 'சாப்பாடு கொடுத்தீர்களா' என்று கேட்டதில்லை. "காலைலேர்ந்து இவங்க வாயில என்னென்ன பட்டுச்சு?" என்று கேட்பேன். தீர்த்தம் பட்டது, திருநீறு பட்டது, மந்திரிச்ச தண்ணீர் பட்டது, நான் தின்ற கையை நக்கினான் என்று எல்லாம் வரும். வரும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஊசி போடுவதைவிடக் கஷ்டம். பருந்து என்ற பெயர் எனக்குப் போகவில்லை. ஆனால் பிறகு அவர்களே பொட்டலத்தோடு தேடி வந்து, "பருந்தம்மா, இத குடுக்கலாமா?" என்று கேட்டார்கள்.

சுமதி இப்போது மெட்ராஸில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை, வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று எழுதினால் இன்றைக்கும் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. அதற்கு மருந்து எனக்குத் தெரியாது.

டாக்டர் குழைந்த சோறு கொடுக்கலாம் என்று சொன்ன நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிரசாத விஷயத்துக்குப் பிறகு வரதண்ணன் வெந்நீர்க் குடத்தை வாசலோடு வைத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே வருவதில்லை. நான் ஓட்டலுக்குப் போய்ச் சொன்னேன். அலமேலு அண்ணி அப்போதே அரிசியைக் களைந்தார். பருப்பும் உப்பும் மட்டும் போட்டு, மசித்து, வடிகட்டி, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார் வரதண்ணன். வார்டு வாசலில் நின்றுகொண்டார்.

"உள்ள வாங்கண்ணா."

"நீ ஊட்டுமா. நான் இங்கேர்ந்து பாத்துக்கினு இருக்கறேன்."

"மாமா!" என்று கூப்பிட்டாள் சுமதி. "சீக்கிரம் வா மாமா, பசிக்குது."

அவர் வந்தார். கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.  அந்த நேரத்தில் கடைசிக் கட்டிலிலிருந்து யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். அங்கே போக வேறு ஆள் இருந்தாள். ஆனாலும் நான் கிண்ணத்தை வாங்கவில்லை. ஸ்பூனை எடுத்து அவர் கையில் வைத்து, விரல்களை மூடினேன்.

"எவ்ளோமா குடுக்கணும்?" என்று கேட்டார்.

"அவ போதும்னு சொல்றதுக்கு ஒரு வாய் முன்னாடி நிறுத்திடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, கடைசிக் கட்டிலுக்கு நடந்தேன். ஸ்பூன் கிண்ணத்தில் மோதுகிற சத்தம் பின்னால் கேட்டது. அங்கே படுத்திருந்தவளுக்குத் தலையணை சரி செய்தேன், தண்ணீர் கொடுத்தேன், போர்வையை இழுத்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.